மரத்துக்கு டாகிள் போடப் போறியா, பேராண்டி?

வா பேராண்டி, உக்காரு. கையிலே இன்னா, செல்லா? காட்டு. அடேங்கப்பா! போலீஸ் சோதனைக்கு நின்ன ஆளு மாதிரி ரெண்டு கையையும் அகல விரிச்சு, சுவத்தோட சுவரா ஒட்டிகினு ஒரு பேரிக்கா மரம். இதே மாதிரி உன் காம்பவுண்டு சுவத்திலேயும் ஒண்ணு நிக்கணும்ங்கறே. நல்ல ஆசை. ரெண்டரை சென்ட்டு மனையிலே வீட்டைக் கட்டி, காரை நிறுத்தி, மிச்சம் கீற மூணடி சந்துல தோப்பு போட நெனைக்கிறியே, உன் தைரியம் யாருக்கு வரும்?

நம்ம வேலூரைப் பத்தி ஊரான் பண்ற கேலி தெரியும்ல? தண்ணியில்லாத ஆறு, ராசா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். சாமி 1981-ல ஜலகண்டேஸ்வரர் கோயில்லே வந்து உக்காந்துட்டாரு. கேலியிலே அந்த எடம் இப்ப காலியா கீது. தடிமன் இல்லாத மரம்னு ஒண்ணை வெச்சு நீ ரொப்பிடு.

ஒரு விசயத்திலே உனக்கு அதிர்ஷ்டம். இந்த வேலை என்னை மாதிரி ஆம்பூர்க்காரனுக்குச் சட்டுனு புரியும். நான் தோல் டேனரிக்கு வேலைக்குப் போன காலத்திலே ஈரத்தோலைப் பலகையிலே இழுத்து வெச்சு ஓரத்துக்கெல்லாம் ஆணி அடிப்போம். அப்புறம் ஓட்டை போட்ட தகடும் டாகிள் கிளிப்பும் வந்துச்சு. நாலு பக்கமும் இழுத்து மாட்டிக் காயவெச்சா, சுருக்கம் இல்லாம பாய் மாதிரி வரும். நீ இப்ப மரத்துக்கு டாகிள் போடப் போறே. தோலுக்கும் மரத்துக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அதைக் கடைசியிலே சொல்றேன். இப்பவே சொன்னா எழுந்து போயிடுவே.

ஷூ பாக்க வந்த பிரான்சுக்காரர் ஒருத்தர்கிட்ட இதை நான் அந்தக் காலத்திலேயே கேட்டு வெச்சிருக்கேன். அவங்க பாஷையிலே இதுக்கு எஸ்பாலியேன்னு பேரு. தோளுங்கற இத்தாலி வார்த்தையிலேர்ந்து வந்துச்சாம். சுவத்துமேலே தோளைச் சாய்ச்சு நிக்கறதுன்னு வெச்சுக்கோ. பதினாலாம் லூயி ராசாவுக்கு வெர்சாய்லே 1678-லேர்ந்து 1683 வரைக்கும் காய்கனித் தோட்டம் போட்டாரு லா கேந்தினின்னு ஒருத்தர். மனுசன் படிச்சது சட்டம், பேர் வாங்கினது மம்முட்டியிலே. வக்கீல் புத்தி போவுமா? மரத்தையும் கூண்டுல ஏத்திட்டாரு. பாரிசுக்குப் பக்கத்திலே மோந்த்ரேய்னு ஊரு. பீச் பழத்துக்குன்னே சுவரு கட்டினாங்க. அந்த ஊரு ஓகோன்னு இருந்தப்போ எல்லாச் சுவத்தையும் சேத்தா 600 கிலோமீட்டராம். இங்கேர்ந்து கன்னியாகுமரி கிட்ட போயிடும்.

ஏன் கட்டினாங்க? அங்கே குளிரு. பகல்லே சுவரு குடிச்ச வெயிலை ராத்திரி மரத்துக்குத் திருப்பிக் குடுக்கும். பூ கருகாது, பழம் பழுக்கும். உனக்கு எதுக்குடா அந்தச் சூடு? இது வேலூரா, வெயிலூரா? மேற்குப் பாத்த சுவத்திலே ஒட்டி வெச்சியானா கத்திரி வெயில்லே பழம் வராது, வறுவல்தான் வரும். கெழக்குப் பாத்த சுவரா பாரு. காலை வெயில் போதும். கம்பியையும் சுவத்தோட ஒட்டாம அரை அடி தள்ளி இழு. நடுவுல காத்து ஓடட்டும்.

நம்ம ஆளுங்களுக்கு இது தெரியாதான்னு கேக்கறியா? அவன் நிக்க வெச்சான், நாம படுக்க வெச்சோம். பந்தல்னு பேரு. கம்பம் ஊருலே பன்னீர் திராட்சை கம்பிப் பந்தல்மேலே தட்டையாத்தான் படுத்துகினு கீது. 2023-ல புவிசார் குறியீடும் வாங்கிடுச்சு. வெயில் ஊருக்காரன் கொடியைக் கூரையாக்கிட்டு நெழல்லே நின்னு பழம் பறிக்கிறான். பாரி ராசா முல்லைக்கொடிக்கு தேரையே விட்டுட்டு நடந்து போனாரு. நாலு மூங்கில் கழி வெட்டிக் குடுக்க கூட ஒரு ஆளு இல்லை போல. நீ அவருக்கு மேலே. காருக்கு எடம் விட்டுட்டு மரத்தைச் சுவத்துல ஒட்டறே.

சரி, இன்னா மரம் வெக்கப் போறே? மாமரம்னு வாயைத் தொறக்காதே. மாவுக்குப் பூ கிளை நுனியிலே வரும். தட்டையா நிக்கணும்னு நீ நுனியைக் கிள்ளிகினே இருந்தா, பூவையும் சேத்துத்தான் கிள்ளுவே. எலுமிச்சையா? உன் போர் தண்ணியை நாக்குல வெச்சுப் பாத்தியா? பாலாத்தங்கரையிலே டேனரித் தண்ணி எறங்கின உப்பு அது. கெடுத்தவன்தான் காசு கட்டணும்னு 1996-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லி, டேனரிக்கு 10,000 ரூபா அபராதமும் போட்டுச்சு. எலுமிச்சைக்குத் தீர்ப்பு படிக்கத் தெரியாது; உப்புத்தண்ணி பட்டா இலை ஓரம் கருகிடும். மாதுளை அதைவிடத் தாங்கும்.

கொய்யான்னா இன்னும் சுலபம். லக்னோ-49 பதியன் ஒண்ணு வாங்கு. கொய்யா புதுத் துளிர்லே பூக்கற சாதி. கிளையை வளைச்சுக் கட்டினா கணுவுக்குக் கணு துளிர் விடும். வங்காளத்துல இதுக்காகவே கொய்யாக் கிளையை இழுத்துக் கட்டறாங்க. காரணம் கேளு. நுனி மொட்டு நிமிந்து நிக்கிற வரைக்கும் கீழே கீற மொட்டுங்களை அடக்கி வெச்சிருக்கும். நுனியைப் படுக்க வெச்சா அதிகாரம் போயிடும். கீழே கீறவன் எல்லாம் தலை தூக்குவான். நீ கம்பெனியிலே சூப்பர்வைசர். உனக்கா இதை வெளக்கணும்?

ஒன்றரை அடிக்கு ஒரு கம்பியா நாலு கம்பி இழு. கன்னு மொத கம்பிக்கு வந்ததும் தலையை வெட்டு. வர்ற துளிர்லே மூணு வெச்சுக்கோ: ரெண்டு பக்கத்துக்கு, ஒண்ணு மேலுக்கு. பக்கத்துக் கிளையை எடுத்தவொடனே படுக்க வெக்காதே, படக்குனு பிச்சுக்கும். மொதல்லே சாய்வா கட்டு, கொஞ்சம் கொஞ்சமா எறக்கு. மேலே போறது அடுத்த கம்பியைத் தொட்டதும் அதுக்கும் அதே வைத்தியம். அஞ்சில் வளையாததுன்னு பழமொழி சொல்றாங்களே, கிளைக்கு அது அஞ்சு வருசம் இல்லே, அஞ்சு மாசம். பச்சையா கீறப்பவே வளைக்கணும். கட்டுக்கம்பி போடாதே, பட்டையை அறுத்துடும். மோந்த்ரேய்க்காரனே துணித்துண்டை வெச்சுத்தான் ஆணி அடிச்சான். பழைய வேட்டியைக் கிழி, எட்டுப் போட்டு லூசா கட்டு. உன் வேட்டியைச் சொன்னேன். என்னுதைப் பாக்காதே.

இப்ப அந்த வித்தியாசத்துக்கு வரேன். தோல் செத்தது. ஒரு தரம் இழுத்து மாட்டினா, சொன்ன அளவுல கெடக்கும். மரம் உசுரோட கீது. நீ எவ்வளவு தட்டையா கட்டினாலும் தெனம் ஒரு அங்குலம் முன்னாடி வரப் பாக்கும். ரெண்டு மாசம் ஓவர்டைம்னு போயிட்டு வா, நெஞ்சை நிமித்திகினு சந்தை அடைச்சிகினு நிக்கும். உன்னாலே மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கெழமை கத்தரியோட நிக்க முடியுமா? அதுவும் நாலு அடுக்கு முடியற வரைக்கும் இல்லே, மரம் கீற வரைக்கும்.

முழிக்காதே. இன்னொண்ணும் கீது. மொத கம்பி ஒன்றரை அடி ஒசரம்னு சொன்னேன்ல? என் வெள்ளாடு முன்னங்காலைத் தூக்காமலே எட்டற ஒசரம் அது. உனக்கோ கேட்டைச் சாத்தற பழக்கமே கெடையாது. ஒரு நாள் மேஞ்சுடுச்சுன்னா அழுவாதே. சீரகச்சம்பா அரிசி மட்டும் வாங்கி வை, பிரியாணி போட்டுடலாம். தோலை நானே டாகிள்லே மாட்டித் தரேன். எடுத்துகினு போய் அந்தச் சுவத்துல தொங்கவிடு. தட்டையா நிக்கும். தண்ணி கேக்காது, தலை தூக்காது.