குழித்தறி பதில்கள்: கடலில்லா ஊரின் கடல் கேள்விகள்

ஆரணியிலிருந்து கடற்கரை நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இருந்தும் இந்த வாரத் தபாலில் பாதி உப்புக் கரிக்கிறது. ஜப்பானில் கடலுக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் 'இனே' என்ற மீனவ ஊரின் படத்தை யாரோ கைப்பேசியில் அனுப்ப, அது கொசப்பாளையம் தொடங்கி கண்ணமங்கலம் வரை சுற்றி வந்திருக்கிறது. நல்லதாய்ப் போயிற்று. தங்கம் விலை, ஜாதகப் பொருத்தம் இரண்டுக்கும் ஒரு வாரம் விடுமுறை.

அந்தப் படம் நிஜமா, கம்ப்யூட்டர் வேலையா?
– தறிக்காரர், ஒண்ணுபுரம்

நிஜம்தான். கியோட்டோ மாகாணத்தின் வடகோடியில் இருக்கிறது இனே. சின்ன வளைகுடாவைச் சுற்றி சுமார் 5 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 230 படகு வீடுகள் வரிசை கட்டி நிற்கின்றன. 'ஃபுனயா' என்பார்கள். கீழ்த்தளத்தின் தரை அப்படியே கடலுக்குள் சரிந்து இறங்கும். படகை இழுத்து உள்ளே விட்டுக்கொள்ளலாம். மாடி முதலில் வலைக்கும் கருவிகளுக்கும் இருந்தது. பிறகு மனிதர்களும் ஏறிக்கொண்டார்கள். குடும்பத்தின் பெரிய வீடு தெருவுக்கு எதிர்ப்பக்கம், மலையடிவாரத்தில். 2005-ல் ஜப்பான் அரசு இந்தத் தெருவையே பாதுகாக்கவேண்டிய மரபு என்று அறிவித்தது. மீனவ ஊர்களில் அந்தப் பட்டியலில் ஏறிய முதல் ஊர் இதுதான். நம் ஊரிலும் கீழே தறி, மேலே மனிதர்கள் என்று எத்தனையோ வீடுகள் உண்டு. பாதுகாக்க வருவதாக இதுவரை யாரும் கடிதம் போடவில்லை.

கடல் ஏறும்போது அந்த வீடுகள் முழுகாதா?
– பாவு பிணைப்பவர், சேவூர்

நூலைத் தொட்டுப் பார்த்துக் கேட்ட கேள்வி. இதுதான் அந்த ஊரின் ரகசியம்.

சந்திரன் இழுப்பில் பெருங்கடலின் நீர் ஏறி இறங்குகிறது. ஆனால் இனே நிற்கும் ஜப்பான் கடல் ஏறக்குறைய மூடிய கடல். பசிபிக்கிலிருந்து அதற்குள் போக சுஷிமா, சுகாரு போன்ற சில குறுகலான, ஆழம் குறைந்த நீரிணைகள்தான் வழி. ஒரே ஜன்னல் உள்ள ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே எவ்வளவு கூட்டம் நெருக்கினாலும் ஜன்னல் வழியாகப் போவது கொஞ்சம்தான். பாதிப் பேர் வாங்குவதற்குள் கடை சாத்திவிடும். வெளியே நிற்கும் நீர் உள்ளே நுழைந்து முடிப்பதற்குள் சந்திரன் மனத்தை மாற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் இழுக்க ஆரம்பித்துவிடுகிறது. ஆகவே அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அரை மீட்டரைத் தாண்டுவது அபூர்வம்.

போதாததற்கு வளைகுடா தெற்கு பார்த்தது. மூன்று பக்கமும் மலை. வாயில் ஆவோஷிமா என்ற தீவு குறுக்கே உட்கார்ந்து அலையைத் தடுக்கிறது. இவ்வளவு காவலும் இருந்தால் நானும் கடலுக்குள் திண்ணை கட்டுவேன். அதே ஜப்பானில், தெற்கே அரியாகே கடலில் ஏற்ற வற்றம் 6 மீட்டர் வரை போகும். அங்கே போய் இப்படி வீடு கட்டினால் காலையில் படகு கூடத்தில், மாலையில் சேற்றில்.

நம் சென்னைப் பக்கம் சுமார் ஒரு மீட்டர். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் 10 மீட்டரையும் தாண்டும். அதாவது மூன்று மாடி. எல்லாம் ஒரே சந்திரன் செய்வதுதான். வாசலின் அகலத்தையும் வளைகுடாவின் வடிவத்தையும் பொறுத்து வரவு மாறுகிறது.

கடலில் மொத்தம் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கும்?
– போட்டித் தேர்வு மாணவர், போளூர்

எத்தனை இருந்தாலும் குடிக்க ஒரு டம்ளர் தேறாது. அடுத்த பாடத்துக்குப் போங்கள்.

அமாவாசையன்று நாங்கள் தறியில் உட்காருவதில்லை. கடலுக்கும் அன்று ஏதோ விசேஷம் என்கிறார்களே?
– மூத்த நெசவாளி, முள்ளிப்பட்டு

ஐயா, நமக்கு அன்று லீவு, கடலுக்கு அன்று ஓவர்டைம். அமாவாசையில் சூரியனும் சந்திரனும் ஒரே பக்கம் நின்று இழுக்கின்றன. பௌர்ணமியில் எதிரெதிரே நின்று இழுக்கின்றன. இரண்டுக்கும் பலன் ஒன்றே: ஏற்றம் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமியை ஒட்டி இரண்டும் குறுக்கு மறுக்காக நிற்பதால் கடல் சோம்பிக் கிடக்கும். அஷ்டமியில் நல்ல காரியம் தொடங்காதே என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். கடல் மட்டும் அதைத் தவறாமல் கேட்டு நடக்கிறது.

ஏற்றம் தினமும் ஒரே நேரத்துக்கு வருமா?
– நடத்துநர், செய்யாறு

வராது. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் 12 மணி 25 நிமிடம். ஆகவே தினமும் சுமார் 50 நிமிடம் தாமதம். ஆனால் நாளைக்கு எவ்வளவு தாமதம் என்பதை இன்றைக்கே சொல்லிவிடும் நாணயம் கடலுக்கு இருக்கிறது. தங்கள் டெப்போவில் யாராவது கவனிக்கவும்.

கமண்டல நாகநதியில் கடல்போல் ஏற்ற வற்றம் உண்டா?
– ஆற்றோர வீட்டுக்காரர், ஆரணி

வற்றம் உண்டு.

'கடல் உள்வாங்கியது: பக்தர்கள் பரபரப்பு' என்று மாதத்துக்கு இரண்டு முறை செய்தி வருகிறதே, பயமாக இருக்கிறது.
– இல்லத்தரசி, எஸ்.வி.நகரம்

தாயே, அந்த 'மாதத்துக்கு இரண்டு முறை'யைக் கவனித்தீர்களா? பதில் அதிலேயே இருக்கிறது. காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி தேதிகளைப் பாருங்கள். செய்தி வந்த தேதியையும் பாருங்கள். இராமேசுவரத்தில், திருச்செந்தூரில், கன்னியாகுமரியில் கடல் கொஞ்சம் பின்வாங்கும். பாசி படிந்த பாறை வெளியே தெரியும். உடனே நிருபருக்குப் பரபரப்பு வந்துவிடும். பரபரப்பாக இருந்ததாகச் சொல்லப்படும் பக்தர்களோ அந்தப் பாறைமேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். சூரியன் மேற்கே உள்வாங்கியது, பொதுமக்கள் பீதி என்று ஒரு நாள் தலைப்பு வரும். எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இதில் உண்மையான தொல்லை ஒன்று உண்டு. கன்னியாகுமரியில் நீர்மட்டம் தாழ்ந்தால் பாறைகளுக்கிடையே படகு தட்டும். வள்ளுவர் சிலைக்குப் படகு நின்றுவிடும். 1330 குறள் எழுதியவரைப் பார்க்கச் சந்திரனிடம் அனுமதி வாங்கவேண்டிய நிலை. 2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். இனி விவேகானந்தர் பாறை வரை போய்விட்டால் போதும், மிச்சத்தை நடந்தே கடக்கலாம். கீழே பார்க்காமல் நடப்பது உங்கள் சாமர்த்தியம்.

கடல் பார்க்க ஆரணியிலிருந்து ரயில் உண்டா?
– புதுமாப்பிள்ளை, அருணகிரிசத்திரம்

ஆரணி ரோடு ஸ்டேஷனே ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது. ரயில் நிலையமே உள்வாங்கிய ஊர் நம்முடையது. யாரும் பரபரப்படையவில்லை.

இனேயில் மீன் மட்டும்தானா? பட்டு உண்டா? ஆரணி நிருபராக இருந்துகொண்டு அதைச் சொல்லவே இல்லையே?
– ஜரிகை வியாபாரி, ஆரணி

காத்திருந்தேன் ஐயா, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

இனே இருக்கும் வட்டாரத்துக்குத் தாங்கோ என்று பெயர். அது ஜப்பானின் ஆரணி. அங்கே நெய்யும் பட்டு 'சிரிமென்'. ஊடை நூலை ஒரு மீட்டருக்குச் சுமார் 3000 சுற்று முறுக்குகிறார்கள். நாம் பட்டை முதலில் காய்ச்சிப் பசை எடுத்து, சாயம் போட்டு, பிறகு நெய்கிறோம். அவர்கள் கோராவாகவே நெய்துவிட்டுக் கடைசியில் பசை எடுக்கிறார்கள். பசை போனதும் முறுக்கிய நூல் திமிறும். துணி முழுக்கப் பொடிப்பொடியாகச் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கம்தான் அழகு. நம் வீட்டில் புடவை அப்படிச் சுருங்கினால் கடைக்காரரின் சட்டையும் சேர்ந்து சுருங்கியிருக்கும்.

1720-ல் மினேயாமா ஊர்க்காரர் கினுயா சஹேஜி கியோட்டோவின் நிஷிஜின் தறிக்கூடத்துக்குப் போய், அங்கே பொத்திவைத்திருந்த முறுக்கு வித்தையைக் கற்று வந்தார் என்பது வரலாறு. தாங்கோவின் ஈரக்காற்றும் கைகொடுத்தது. வறண்ட காற்றில் பட்டு நூல் அறுந்து அறுந்து விழும். சோற்றுப் பொட்டலத்தை மறந்தாலும் குடையை மறக்காதே என்று சொல்லும் ஊர் அது. நமக்கோ மழை பெய்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறி வேலை நின்றுவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தாங்கோவில் நெய்த வெள்ளைப் பட்டு காலம் காலமாகக் கியோட்டோவுக்குப் போகிறது. அங்கே சாயமும் சித்திரமும் ஏறுகிறது. வெளியே வரும்போது கியோட்டோ கிமோனோ. நெய்தவர் பெயர் நடுவழியில் இறங்கிவிட்டது! எங்கோ கேட்ட கதையாக இருக்கிறதா? ஆரணிப் பட்டுக்குத் தனியாகப் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிறோம். இருந்தும் நம் புடவை செங்கல்பட்டுப் பக்கம் திரும்பியதும் காஞ்சிபுரமாகிவிடுகிறது. காஞ்சிபுரத்தின்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அங்கே இட்லி நன்றாக இருக்கும். அத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த ஊரில் சிவப்பரிசியில் மது வடிக்கிறார்களாமே?
– அரிசி ஆலைக்காரர், களம்பூர்

ஆமாம், இளஞ்சிவப்பாக இருக்கும். தாங்கள் பொன்னியை இட்லியோடு நிறுத்திக்கொள்ளவும்.

கடல் பொதுச்சொத்து. எல்லாரும் ஒரே இடத்தில் வலை போட்டால் சண்டை வராதா?
– கூட்டுறவுச் சங்க உறுப்பினர், தேவிகாபுரம்

வரும். அதனால்தான் பழவேற்காட்டில் 'பாடு' முறை வைத்திருக்கிறார்கள். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரப் பக்கம், ஏற்ற வற்றத்தில் நீர் ஓடும் வழியில் கழி நட்டு வலை கட்டினால் இறால் தானாக வந்து விழும். அப்படிப்பட்ட இடங்கள் கொஞ்சம்தான். ஆகவே இன்று இந்த இடம் உனக்கு, நாளை எனக்கு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே நிலைக்காது. மோசமான இடமும் ஒருவன் தலையிலேயே விடியாது. குறையும் உண்டு: பாடு உரிமை பட்டினவர் ஊர்களுக்குள் அடங்கியது. அதே ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கு அதில் முறை கிடையாது. பங்கீடு நியாயமானதா என்பது, பட்டியலை எழுதியது யார் என்பதைப் பொறுத்தது. தங்கள் சங்கத்திலும் இதைப் பேசிப் பாருங்கள், மைக் தரமாட்டார்கள்.

ஏப்ரல் மாதம் மீன் விலை ஏன் ஏறுகிறது?
– மாமியார் வீட்டு மருமகன், வாழைப்பந்தல்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்பதற்காக. அந்த நாட்களில் மாமியார் வீட்டில் சாம்பார் என்றால் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளவேண்டாம்.

தாத்தா, சுனாமி வந்த அன்றும் பௌர்ணமி என்று டீச்சர் சொன்னார். அப்படியானால் பௌர்ணமிக்குத்தானே பயப்படவேண்டும்?
– ஏழாம் வகுப்பு மாணவி, தேவிகாபுரம்

கண்ணு, இதற்கு நான் வேடிக்கை பேசமாட்டேன்.

டீச்சர் சொன்னது சரி. 2004 டிசம்பர் 26 பௌர்ணமிதான். ஆனால் சுனாமி சந்திரனால் வரவில்லை. அன்று காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா தீவுக்குப் பக்கத்தில் கடலின் அடித்தரை உடைந்து மேலே எழும்பியது. தன்மேல் நின்ற தண்ணீர் முழுவதையும் தள்ளியது. இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் அது நம் கரைக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் சுமார் 8000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில். அன்றைக்கு நம்மிடம் எச்சரிக்கை நிலையம் இல்லை. 2007 முதல் ஐதராபாத்தில் இருக்கிறது.

வித்தியாசத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள். பௌர்ணமிக் கடல் இறங்க ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கடல் சில நிமிடங்களில் சரசரவென்று பின்வாங்கி, பார்த்தே இராத தரையைக் காட்டினால் சிப்பி பொறுக்க நிற்காதே. மேட்டுக்கு ஓடு. பக்கத்தில் நிற்பவர்களையும் கூப்பிட்டுக்கொண்டு ஓடு. நிலம் நடுங்கினாலும் அப்படியே. ஒரு முறை அலை வந்து போனதும் இறங்காதே. அடுத்தது பெரிதாக இருக்கலாம்.

ஜப்பானில் அனேயோஷி என்று ஒரு சின்ன ஊர். 1933 சுனாமிக்குப் பிறகு மிஞ்சியவர்கள் மலைப்பாதையில் ஒரு கல் நட்டு, இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று எழுதிவைத்தார்கள். பேரப்பிள்ளைகள் கேட்டு நடந்தார்கள். 2011-ல் வந்த பேரலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. பெரியவர்கள் சொல்வதில் பாதி வெறும் அதட்டல், ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி இப்படிப்பட்ட கல். எது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் நீ பள்ளிக்கூடம் போகிறாய்.

கடலைப் பற்றி இவ்வளவு அளக்கிறீர்களே, நீச்சல் தெரியுமா?
– விரோதி, ஆரணி

தெரியாது. தறிக்குழியில் கால் வைத்து வளர்ந்தவன். முழங்காலுக்கு மேல் ஆழம் என்றால் ஓவர்டைம் கேட்பேன்.