சில்லறைச் சூரர்

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஆனால் படிக்கிறவர்களுக்கு அவரவர் வீட்டு ஆள் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. பகலில் ஆபீஸ், ராத்திரி ரசம் சாதம் முடிந்ததும் போனில் போக்கர். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் மேஜை. இருநூறு ரூபாயோடு உட்காரலாம். மாமா அதற்குமேல் ஏறியதில்லை. பேச்சு மட்டும் லாஸ் வேகாஸை விட்டு இறங்கியதில்லை.

"மாப்ளே, இது சூதாட்டம் இல்ல, கணக்கு" என்பார். கணக்கில் குறை சொல்ல முடியாதுதான். நாலு ஆட்டின் சேர்ந்து, இன்னும் இரண்டு சீட்டு திறக்கப் பாக்கி இருந்தால் ஐந்தாவது ஆட்டின் விழ 35 சதவீத வாய்ப்பு. கையில் இரண்டு ஏஸ் வருவது 221 ஆட்டத்துக்கு ஒருமுறை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். காஸ் சிலிண்டர் என்றைக்குப் பதிவு செய்தோம் என்று கேட்டால்தான் திணறுவார்.

எல்லாம் எக்செல்லில் ஏறும். ஒரு மாதம் நூறு ஆட்டத்துக்குப் பத்து ரூபாய் லாபம் நின்றதாம். மணிக்கு எழுபது ஆட்டம் ஓடும் என்று வைத்தால் ஏழு ரூபாய் கூலி. போன் சார்ஜுக்கான கரண்டைக் கழித்தீர்களா என்று அக்கா கேட்டாள். 2023 அக்டோபரிலிருந்து உள்ளே போடுகிற பணத்துக்கு 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதற்கும் ஒரு வரிசை ஒதுக்கினார்; ஒதுக்கி, அதை 'ஹைடு' பண்ணி வைத்தார்.

இந்த மட்டத்து ஆட்டத்துக்கான உத்தி ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அடங்கும். நல்ல சீட்டு வரும்வரை தூக்கிப் போடு; அதுதான் ஃபோல்டு. வந்தால் கூச்சப்படாமல் பணத்தை வை. அதுவரை பேசாமல் நாம் வைத்ததையே வைத்துக் கால் கொடுத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று தொகையை ஏற்றி ரெய்ஸ் பண்ணினால் கும்பிட்டு விலகு. கையில் ஒன்றுமில்லாமல் மிரட்டுகிற பிளஃப் மட்டும் வேண்டவே வேண்டாம். இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே மாமாதான்.

ஆனால் காத்திருப்பது அவர் அறிவுக்கு இழுக்கு. ஒருநாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒன்றுமில்லை. மூன்று சுற்றும் விடாமல் பணம் வைத்து, கடைசிச் சீட்டில் மிச்சமிருந்த அறுபது ரூபாயையும் தள்ளினார். "இப்ப அவன் என்ன நினைப்பான்? என்கிட்ட ஸ்ட்ரெய்ட் இருக்குன்னு நினைப்பான். நினைச்சு..." அவர் முடிப்பதற்குள் எதிராளி கால் கொடுத்துவிட்டான். அவனிடம் இருந்தது ஒரு ஜோடி நாலு. அவன் எதையும் நினைக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்திருப்பான். அறுபது ரூபாய்க்குப் பயப்பட அவனுக்கென்ன தலையெழுத்து?

மாமாவுக்கு ஆற்றாமை. "ஆடவே தெரியல மாப்ளே அவனுக்கு! அதான் ஜெயிச்சுட்டான். இன்னும் பெரிய மேஜைக்குப் போனா என் பிளஃப்புக்கு மரியாதை கிடைக்கும். லாங் ரன்ல பாரு." 2003இல் இணையத்தில் 86 டாலர் ஆட்டத்தில் நுழைவுச்சீட்டு ஜெயித்து, உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் அள்ளிய அமெரிக்கக் கணக்காளர் கதையை உடனே எடுப்பார். அந்த ஆளின் பெயர் கிறிஸ் மணிமேக்கர். குடும்பப் பெயரே அதுதான். நம் மாமாவின் பெயர் தியாகராஜன்.

2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு மத்திய அரசின் தடைச் சட்டம் வந்தது. மேஜையை மூடினார்கள். மிச்சமிருந்த 340 ரூபாய் வங்கிக் கணக்குக்குத் திரும்பியது. லாங் ரன் பாதியில் நின்றுபோனதில் மாமாவுக்கு இன்னும் வருத்தம்.

இப்போது வீட்டிலேயே அக்காவோடு புளியங்கொட்டை வைத்து ஆடுகிறார். அக்காவுக்கு ஃபோல்டு என்ற ஒன்று இருப்பதே தெரியாது. எல்லாவற்றுக்கும் கால் கொடுக்கிறாள். நேற்று ராத்திரி நிலவரம்: அக்கா 112 கொட்டை, மாமா 8.