கொஞ்சம் தள்ளி நில்லுங்க

ஜங்ஷன் உள்ள ஊரில் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். காலை ஆறரை மணிக்கு எல்லாரும் பெட்டியும் பையுமாக ஓடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் பத்து ரூபாய்க்கு பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, கோவில் பிராகாரம் சுற்றுகிறவர் போல நடப்பார். டிக்கெட்டுக்கு ஆயுள் இரண்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் ஒரே தூண் முன்னால் நிற்பார். ரயில் வந்தால் முகம் சுளிப்பார். ஓட்டுக்கூரையை மறைத்துவிடுகிறதாம்.

எங்கள் மயிலாடுதுறைக்காரர் ஓய்வு பெற்ற வாத்தியார். ஊரின் பெயர் 1982இல் மாறியதை ஒருவாறு ஒப்புக்கொண்டுவிட்டார். "ஆனா ஸ்டேஷன் கோடு இன்னிக்கும் எம்.வி. தான், கவனிச்சீங்களா சார்? மாயவரம் அங்க ஒளிஞ்சுகிட்டு இருக்கு" என்று ரகசியம் போலச் சொல்வார். நான் கவனித்ததில்லை. சொன்ன பிறகு ஒவ்வொரு டிக்கெட்டிலும் அதுதான் கண்ணில் படுகிறது. இவரோடு பழகினால் வரும் கோளாறுகளில் இது முதலாவது.

பிலிம் காலத்திலேயே வியாதி தொடங்கிவிட்டது. ஒரு ரோலில் முப்பத்தாறு படம். மகளின் காதுகுத்துக்கென்று வாங்கிய ரோலில் காதுகுத்து இரண்டு, கைகாட்டிக் கம்பம் முப்பத்து நான்கு. அந்த முப்பத்து நான்கிலும் குழந்தை இருந்தாள் என்பது அவர் வாதம். இருந்தாள்தான். கம்பத்தடியில், ஸ்கேலுக்குப் பதிலாக. "மூணு அடிக் குழந்தைன்னா கம்பம் எவ்வளவு உயரம்னு பின்னால வர்றவன் கணக்குப் போட்டுக்கலாம் பாருங்க." பெண்ணுக்கு வரன் பார்த்தபோது ஆல்பத்தை விரித்துவைத்துக்கொண்டு அவர் மனைவி கேட்டார்: "ஏங்க, ஒரு படத்துலயாவது எம்பொண்ணு முழுசா இருக்காளா?" எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிய தும்பிக்கைக் குழாய்க்குப் பின்னால் பாதி முகம் தெரிந்த படத்தைத்தான் கடைசியில் அனுப்பினார்கள்.

அவருடைய கணக்கில் இந்த ஊரின் சரித்திரமே 676 மில்லிமீட்டர். மீட்டர் கேஜில் தண்டவாளத்துக்குத் தண்டவாளம் 1,000. அகலப் பாதையில் 1,676. "ரெண்டேகால் அடிகூட இல்லை சார். அந்த ரெண்டேகால் அடிக்குள்ள கைகாட்டி போச்சு, தண்ணித் தொட்டி போச்சு, பழைய பிளாட்பாரம் போச்சு" என்பார், குரல் கம்ம. மீட்டர் கேஜ் ஓடிய நாளில் அந்த ரயிலை எத்தனை படம் எடுத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப அது தினமும் வந்துகிட்டு இருந்துதே" என்றார்.

இங்கேதான் இவர்களின் சூட்சுமம் இருக்கிறது. நன்றாக இருக்கும் எதுவும் இவர்கள் கண்ணுக்குத் தெரியாது. போகப்போகிறது என்று காதில் விழ வேண்டும். 2023 ஆகஸ்டில் நாடு முழுக்க 508 ஸ்டேஷன்களைப் புதுப்பிக்க அடிக்கல் நாட்டியபோது, பேப்பரில் வந்த பட்டியலை மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். "செங்கல்பட்டு போச்சு... விழுப்புரம் போச்சு..." ஊருக்கே நல்ல சேதி, இவருக்குக் கருமாதிப் பத்திரிகை. மறுநாளே விழுப்புரத்துக்குக் கிளம்பிவிட்டார், சாவு வீட்டுக்குப் பந்தல்காரர் போவது போல. திருச்சி ஜங்ஷனில் நகரும் படிக்கட்டைக் காட்டி, இதை எடுக்கக் கூடாதா என்றேன். "அதுக்கு இன்னும் முப்பது வருஷம் இருக்கு சார்."

அவரோடு நான் அதிகம் நின்றது பழைய தண்டவாளத் துண்டுகள் முன்னால்தான். ரயில் ஓடித் தேய்ந்த தண்டவாளத்தை வெட்டி வேலிக்கும் கூரைக்கும் தூணாக நட்டிருப்பார்கள். அதன் இடுப்பில் உருட்டிய ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பாக இருக்கும். மேலே பத்துப் பதினைந்து பூச்சு பெயிண்ட். ஒரு நாள் எட்டணாக் காசால் சுரண்டி ஒன்று, ஒன்பது வரை வந்துவிட்டார். பின்னால் ரயில்வே போலீஸ்காரர்.

"என்ன சார் சுரண்டறீங்க?"

"வருஷம் பார்க்கிறேன் தம்பி."

"எதுக்கு?"

அவரிடம் இல்லாத ஒரே பதில் அதற்குத்தான். "தம்பிக்கு எந்த ஊர்?" என்றார். செம்பனார்கோவில் என்று அந்தப் பையன் வெகுளியாகச் சொல்லித் தொலைத்தார். அவ்வளவுதான். செம்பனார்கோவில் வழியாகத் தரங்கம்பாடிக்கு 1926இல் ரயில் விட்டதும், 1986இல் நிறுத்தியதும், தண்டவாளத்தைப் பெயர்த்ததும், அந்த மண்மேட்டில் இன்று எங்கே மாடு மேய்கிறது என்பதும் வரிசையாக வந்து விழுந்தன. விசாரிக்க வந்தவர், வராத ஒரு ரயிலைக் காரணம் காட்டித் தப்பித்தார்.

ஸ்டேஷனுக்கு வெளியே அவருக்கு வேறு பெயர். காமிராவும் டேப்பும் கையுமாக அவர் தெருவில் இறங்கினால், நகராட்சி ஆள் என்று நினைத்துப் பழக்கடைக்காரர்கள் நீட்டியிருந்த தார்ப்பாயை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பிறகு இன்னார் என்று தெரிந்தது, பயம் கூடிவிட்டது. சலூனை எடுத்தார், மூன்றாம் வாரம் சலூன் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டை எடுத்தார், அங்கே இப்போது ஏ.டி.எம். மாடியில் மரக் கிராதி வைத்த லாட்ஜை நாலு பக்கமும் எடுத்தார், அதன் முதலாளி இரண்டு நாள் தூங்கவில்லை என்று கேள்வி. ராசி ஒன்றும் கிடையாது. விலை பேசுகிற சங்கதி தரகர்களுக்கு முன்னால் இவருக்கு எட்டிவிடும். தெருவுக்கு அது புரிய வேண்டுமே.

டீக்கடைக்காரர் மட்டும் வாய்விட்டே சொல்லிவிட்டார்: "சார், டீக்குக் காசு வேண்டாம். கடையை எடுக்காதீங்க." பதினோரு வருஷமாக எடுக்கவில்லை. ஆனால் தினமும் அங்கேதான் டீ. வேறு எங்கும் குடிக்க மாட்டார். டீ சுமார்தான்.

போன மாதம் ஒரு காலையில் டீக்கடைக்காரரே கைதட்டிக் கூப்பிட்டார். "வாங்க சார். இன்னிக்கு எடுத்துக்குங்க." நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உள்ளே போய் முகம் கழுவி, தலை வாரி, பட்டன் போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வந்து, பாய்லர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாத்தியார் காமிராவைத் தூக்கினார். இறக்கினார். எட்டணாக் காசை எடுத்துக்கொண்டு, கூரையைத் தாங்கி நிற்கும் அந்த எண்ணெய்ப் பிசுக்கேறிய தூண் பக்கம் போனார். அதுவும் தண்டவாளம்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கால் மணி நேரம் சுரண்டிவிட்டுத் திரும்பி வந்து மறுபடி காமிராவைத் தூக்கினார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வருஷம் மறைக்குது."