குடும்பத்தோடு பார்க்கக்கூடிய தொடர்

இரண்டு பெண்கள் காதலிக்கும் நாவல் ஒன்று நம் சேனல் ஒன்றின் கதை விவாத அறைக்குள் போகிறது என்று வையுங்கள். உள்ளே போன நாவல் வெளியே வராது. வருவது வேறொன்று.

"கதை சூப்பர் சார். ரெண்டு பேர்ல ஒருத்திய மட்டும் பையனா மாத்திடலாமா?" என்று ஆரம்பிப்பார் கிரியேட்டிவ் ஹெட். அப்புறம் கதையே இல்லையே என்று வசனகர்த்தா தலையைச் சொறிவார். "சரி, தோழிகளாக்கிடுங்க. நட்புன்னா தாய்க்குலம் அழும்." ஐந்து நிமிடத்தில் காதலிகள் தோழிகளாகிவிடுவார்கள். முப்பதாவது எபிசோடில் ஒருத்திக்கு மாப்பிள்ளை வருவான். ஐம்பதாவதில் அவன்மேலேயே இன்னொருத்திக்குக் கண் விழும். நூறாவதில் அவள் வில்லி. பாலில் விஷம் கலந்தாக வேண்டும். டம்ளரைக் காட்டி, வில்லியைக் காட்டி, மாமியார், கொழுந்தன், வேலைக்காரம்மா என்று ஆளுக்கு மூன்று தடவை இடியோசையோடு முகத்தைக் காட்டி முடிப்பதற்குள் அந்த வாரமே போய்விடும். பால் இன்னும் உதட்டைத் தொட்டிருக்காது. டைட்டிலில் நாவலாசிரியர் பெயர் 'கதைக்கரு' என்று வரும். கருவைக் கலைத்தது யார் என்று போடமாட்டார்கள்.

ஏன் இப்படி என்று கேட்டால், "குடும்பத்தோட பார்க்கணும்ல?" என்பார்கள்.

குடும்பத்தோடு உட்கார்ந்து நாம் என்ன பார்க்கிறோம்? மயங்கிக் கிடப்பவள் கழுத்தில் ஒருவன் தாலி கட்டுகிறான். கண் விழித்தவள் போலீசுக்குப் போகாமல் அவன் வீட்டு வாசலில் கோலம் போடுகிறாள். ஒருத்தனுக்கு இரண்டு பெண்டாட்டி, இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே. மருமகளைத் தீர்த்துக்கட்ட மாமியாரே ஆள் வைக்கிறாள். இதையெல்லாம் தட்டில் இட்லியோடு பார்க்கிறோம். பண்பாட்டுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் ஒருத்தி இன்னொருத்தியின் கையைப் பிடித்து "உன்னோடதான் இருக்கணும்" என்று சொன்னால் அது பொலபொலவென்று உதிர்ந்துவிடுமாம். இப்படியொரு நோஞ்சான் பண்பாட்டைத்தான் இத்தனை பேர் முறை வைத்துக் காவல் காக்கிறீர்களா?

1990 ஜனவரியில் பிபிசி ஒரு தொடர் போட்டது. ஜெனட் விண்டர்சனின் 'ஆரஞ்சஸ் ஆர் நாட் தி ஒன்லி ஃப்ரூட்' நாவல், மூன்று பகுதிகளாக; திரைக்கதையும் அவரே. பெந்தெகொஸ்தே சபையே கதியென்று கிடக்கும் வளர்ப்புத் தாயிடம் வளர்கிற ஒரு பெண், இன்னொரு பெண்ணைக் காதலிக்கிறாள். சபையார் அவளுக்குப் பேயோட்டுகிறார்கள். அங்கே அப்போது மார்கரெட் தாட்சர் ஆட்சி. உள்ளாட்சி அமைப்புகள் ஒருபாலுறவை 'ஊக்குவிக்க'க் கூடாது என்று 1988இல் வந்த 28ஆம் பிரிவு அமலில் இருந்த நேரம். அந்தச் சட்டம் தொலைக்காட்சியைத் தொடவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் பின்வாங்க நினைப்பவனுக்கு அது தாராளமான சாக்கு. பிபிசி பின்வாங்கவில்லை. ஒருத்தியைப் பையனாக்கவும் இல்லை. தொடர் பாஃப்டா விருது வாங்கியது.

உங்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் ஒருபாலுறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே சொல்லிவிட்டது. இரண்டு பெண்கள் காதலிக்கும் 'ஃபயர்' படம் ஓடிய தியேட்டர்களை 1998இல் அடித்து நொறுக்கினார்களே என்பீர்கள். அந்தப் படத்தையே தணிக்கை வாரியம் மறுபடி பார்த்துவிட்டு, ஒரு வெட்டும் இல்லாமல் அனுப்பியது. இந்தி வடிவத்தில் மட்டும் நாயகிகளில் ஒருத்தியான சீதா, நீதா ஆனாள். ஓரெழுத்தில் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு காதலிகள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். எனக்கே இதில் புரிதல் போதாது என்று ஒளிக்காமல் சொன்ன நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். 2021 ஜூனில் உத்தரவு வந்தது. இப்படிப்பட்டவர்களைப் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது, 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சிகிச்சை தரவும் கூடாது என்றார். உயர் நீதிமன்ற நீதிபதி பாடம் கேட்கிறார். கிரியேட்டிவ் ஹெட்டுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

2025 மே மாதம் வேலூர் மாவட்டத்து வழக்கு ஒன்று அதே நீதிமன்றத்துக்கு வந்தது. பெற்ற வீட்டிலேயே அந்தப் பெண்ணை அடைத்துவைத்து, அடித்து, 'சரியாக்க' சடங்கெல்லாம் செய்திருக்கிறார்கள். பிபிசி காட்டிய பேயோட்டலேதான். ஊரும் சாமியும் வேறு. அவள் விரும்பியவளோடு போகலாம், குடும்பத்தார் குறுக்கே நிற்கக் கூடாது என்றது நீதிமன்றம்.

அடைத்துவைப்பதும் தப்பித்து ஓடுவதும் போலீஸ் நிலையமும் கோர்ட்டும் என்று உங்களுக்குப் பிடித்த அத்தனையும் இதில் இருக்கிறது. விஷம் கலந்த பால்கூடத் தேவைப்படாது. ஆனால் நீங்கள் எடுக்கமாட்டீர்கள். கேட்டால், "நம்ம ஆடியன்ஸ் ஏத்துக்கமாட்டாங்க" என்பீர்கள். மதுரையிலிருந்தும் வேலூரிலிருந்தும் கோர்ட்டுக்கு வந்த அந்தப் பெண்கள், ஆடியன்ஸ் என்று நீங்கள் கணக்குக் காட்டும் வீடுகளிலிருந்துதான் வந்தார்கள்.