திணை மயக்கம்: ஆண்டிறுதிப் பன்னிரண்டு படங்கள் குறித்து ஓர் ஆய்வு

டிசம்பர் கடைசி வாரத்தில் இயற்கைக் காட்சிப் புகைப்படக்காரர்களை ஒரு நோய் பீடிக்கிறது. ஆண்டு முழுக்க ஊர் ஊராக அலைந்து எடுத்த ஆயிரக்கணக்கான படங்களைக் கணினியில் பரப்பிவைத்து, அவற்றில் பன்னிரண்டை மட்டும் பொறுக்கி, 'இந்த ஆண்டின் படங்கள்' என்று ஊருக்கு அறிவிப்பது இதன் முதன்மைக் குறி. தூக்கமின்மை, நண்பர்களை அழைத்து 'இதுவா, அதுவா' என்று கேட்டு நச்சரித்தல் ஆகியவை துணைக் குறிகள். இந்நோய்க்குத் தமிழ் இலக்கணத்தில் விளக்கம் உண்டா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் பன்னிரண்டு? இதில் இரண்டு கட்சிகள். முதல் கட்சியார் அமெரிக்கப் புகைப்பட மேதை ஆன்சல் ஆடம்ஸைச் சான்று காட்டுவர். ஓராண்டில் பன்னிரண்டு படங்கள் தேறினால் நல்ல விளைச்சல்தான் என்று அவர் சொன்னதாகப் புகைப்பட உலகில் வழிவழியாக ஒரு பேச்சு. இரண்டாம் கட்சியார் சிவகாசியைக் காட்டுவர். மாதக் காலண்டருக்குத் தாள் பன்னிரண்டு. பதின்மூன்றாவது படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆணியில் தொங்க வழியில்லை. இக்கட்டுரை சிவகாசிக் கட்சியைச் சார்ந்தது.

இனி கணக்கு. ஒரு படத்துக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/125 விநாடி என்று கொள்வோம். பன்னிரண்டு படத்துக்கும் சேர்த்து 0.096 விநாடி. லீவு போட்டு, கடன் வாங்கி, முதுகில் மூட்டை சுமந்த ஓராண்டில் உருப்படியாக நடந்த வேலை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆடம்ஸோ தம் புகழ்பெற்ற 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ், நியூ மெக்சிகோ' என்ற ஒரே படத்துக்கு ஒரு முழு விநாடி கொடுத்தார். நம்மவருக்கு அது பத்தாண்டு உழைப்புக்கும் மேல்.

மிச்சப் பொழுது எங்கே போயிற்று என்ற கேள்விக்குத் தொல்காப்பியரிடம் விடை இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வைத்து, எந்த நிலத்துக்கு எந்த வேளை என்றும் அவர் வகுத்துவிட்டார். இன்று 'கோல்டன் அவர்' என்று பயிலரங்கு நடத்திக் கட்டணம் வசூலிப்பதெல்லாம் இந்தப் பழைய சரக்குதான். நிலமும் பொழுதும் படத்தில் தெரியும். அந்நிலத்துக்குரிய உணர்வாகிய உரிப்பொருள் தெரியாது, ஆண்டு கரைவது அதில்.

குறிஞ்சிக்கு யாமம். கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்க வேண்டுமானால் இருட்டோடு ஜீப் ஏற வேண்டும். மலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஜீப் கேரளத்துச் சூரியநெல்லியில் இருக்கிறது. இந்த முரண்பாட்டைத் தீர்ப்பது இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது. ஒளியும் மலையும் கூடும் கணம் இங்கே வாய்க்கலாம், மேகம் மூடி வாய்க்காமலும் போகலாம். நீலக்குறிஞ்சியோ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. மூணாறு மலைச்சரிவுகளில் 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்த முறை 2030. அங்கங்கே சில்லறையாகப் பூப்பது வேறு கணக்கு. யாராவது இவ்வாண்டின் பன்னிரண்டில் மலை நிறைய நீலம் காட்டினால், எந்த ஆண்டு என்று மெல்ல விசாரிக்கலாம்.

பாலைக்கு நண்பகல். தூத்துக்குடிப் பக்கத் தேரிக்காட்டின் செம்மணலில் உச்சி வெயிலில் நின்றவருக்கு விளக்கம் தேவையில்லை. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். சங்கப் பாட்டில் தலைவன் வினைமுடித்து வரும்வரை தலைவி ஆற்றியிருப்பாள். இங்கே வினைமேற் சென்றவரும் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளுக்கு மேல் மேகம் விலகட்டும் என்று முக்காலியை நட்டுவைத்துக் காத்திருக்கிறார்.

நெய்தலுக்கு இரங்கல். சித்ரா பௌர்ணமியன்று கன்னியாகுமரியில் மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலவு எழும். இரண்டும் எதிரெதிர்த் திசை, முக்காலி ஒன்று. மேற்கைப் பிடித்தவர் கிழக்குக்கு இரங்குவார், கிழக்கைப் பிடித்தவர் மேற்குக்கு. பனோரமாவாக எடுத்து ஒட்டலாமே என்பார் உளர். அவரை நோக்கி இரங்குவதும் நெய்தலே.

மருதத்துக்கு வைகறை, உரிப்பொருள் ஊடல். பழம்பாட்டில் தலைவன் பரத்தை வீட்டிலிருந்து திரும்புவான். நம்மவர் வயல்வெளிப் பனியைப் படம்பிடித்துச் சேற்றுக்காலோடு திரும்புகிறார். பையில் புது லென்ஸ், சட்டைப்பையில் அதன் பில். வாயில் மறுக்கப்படும் முறை மட்டும் மாறவில்லை.

இனிக் காலம் பற்றிய சிக்கல். திரும்பிப் பார்ப்பவருக்கு எப்போது எடுத்தோம் என்பது நினைவிருக்க வேண்டுமே! ஹெர்னாண்டஸில் ஆடம்ஸ் சாலையோரம் காரை நிறுத்திக் கேமராவை அவசரமாக நிறுத்தியபோது ஒளி அளக்கும் கருவி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளியளவு மனப்பாடமாக இருந்ததால் அதை வைத்தே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவதுக்குள் கல்லறைச் சிலுவைகள் மீதிருந்த வெயில் போய்விட்டது. நிலவின் ஒளியளவை மறக்காத அந்த மனிதர் ஆண்டை மறந்தார். 1940-க்கும் 1944-க்கும் இடையில் வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லிவந்தார். வானியலாளர் டேவிட் எல்மோர் படத்திலிருந்த நிலவின் இருப்பை வைத்து 1941 அக்டோபர் 31, மாலை 4.03 என்று கணித்தார். பின்னர் வானியல் இதழாளர் டென்னிஸ் டி சிக்கோ அதைத் திருத்தி நவம்பர் 1, மாலை 4.49 என்றார். படம் எடுத்தவரைவிடப் படத்தில் இருந்த நிலவுக்கு ஞாபகசக்தி அதிகம்.

இன்றைய கேமரா தேதியைத் தானே குறித்துக்கொள்வதால் இக்குழப்பம் தீர்ந்தது என்பர். வெளிநாடு போய்வந்தவரின் கேமரா அந்நாட்டு நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால், கொழுக்குமலை உதயம் நள்ளிரவில் நிகழ்ந்ததாகப் பதிவாகலாம். குறிஞ்சிக்கு யாமம் என்ற விதி காப்பாற்றப்படுகிறது என்பது மட்டுமே ஆறுதல். பல கேமராக்களில் படங்களின் வரிசை எண் 9999-ஐத் தாண்டியதும் மீண்டும் 0001-க்குத் திரும்பும். ஆகவே ஒரே பெயரில் ஜனவரி மேகமும் நவம்பர் மழையும் இருக்கும். ஒன்றின் மேல் மற்றொன்றைப் பதித்து அழித்தவர்களும் உண்டு.

எஞ்சுவது, பன்னிரண்டுக்குள் வராமலும் அழிக்க மனம் வராமலும் கிடக்கும் ஆயிரங்கள். இவை கைக்கிளையின்பாற்படும்: ஒருதலைக் காதல், எடுத்தவர் பக்கம் மட்டும். குறிஞ்சி முதலியவற்றுக்கு உரியது போல் கைக்கிளைக்குத் தனி நிலம் வகுக்கப்படவில்லை. இக்குறையைப் புகைப்படக்காரர்களே நிரப்பியிருக்கிறார்கள். நிலம்: ஹார்ட் டிஸ்க். பொழுது: அடுத்த பொங்கல் லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்பது. கருப்பொருள்: 'புதுசு', 'புதுசு 2', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்னும் ஃபோல்டர்கள்.