முதல் டோர்னமென்ட்டுக்கு எப்போது?

2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து சென்னையில் செஸ் பெற்றோர் இரண்டு கட்சி. ஒன்று, குதிரை எப்படித் தாவும் என்று தெரிந்த மறுநாளே டோர்னமென்ட்டுக்குப் பெயர் கொடுத்துவிடும். மற்றது, "இன்னும் கொஞ்சம் தேறட்டும் சார்" என்று முகூர்த்தம் பார்த்துக்கொண்டே இருக்கும்.

உண்மையில் பெரிய தகுதி எதுவும் தேவையில்லை. தொட்ட காயைத்தான் ஆட வேண்டும். காஸ்லிங் செய்ய ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். யானையில் கை வைத்தால் யானைதான் நகரும். ஆடிய கையாலேயே கடிகாரத்தை அமுக்க வேண்டும், ஆடியதை எழுத வேண்டும். போன் அடித்தால் ஆட்டம் போச்சு. ஆன்லைன் புலிகள் சறுக்குவது இங்கேதான். செக் இருப்பதைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்தினால் கணினி விடாது. மரப்பலகை வாயே திறக்காது. நடுவர்தான் வருவார். எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கொடுப்பார். மறுபடி செய்தால் ஆட்டத்தையே கொடுத்துவிடுவார்.

இவ்வளவும் வந்துவிட்டால் பிள்ளை தயார். அப்பாக்கள்தான் இன்னும் தேற வேண்டும். தோற்று வெளியே வருகிறவனிடம் "சாப்பிட்டியா" என்று கேட்க எந்த அகாடமியிலும் கோச்சிங் கிடையாது. "ராணியை எப்படிடா விட்டே?" மட்டும் தானாக வருகிறது, கேட்பவருக்குக் குதிரை எப்படித் தாவும் என்றே தெரியாவிட்டாலும்.