முப்பத்து நான்காம் முத்திரை

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், ஒற்றைக் கையால் காட்டும் அபிநயங்கள் 33 என்று கணக்குச் சொல்கிறார். பதாகையில் தொடங்கும் அந்தப் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அவர் காலத்தில் பல்சர் ஓடவில்லை, குற்றம் அவருடையதல்ல. சாலையைக் கடக்கும் தமிழர், வரும் வண்டியை நோக்கிக் காட்டும் கைதான் அது. அதை 34ஆவதாகச் சேர்க்க வேண்டும் என்பதே இவ்வாய்வின் கருதுகோள். களம்: பள்ளிக்கரணை, வேளச்சேரி–தாம்பரம் சாலை. ஆய்வகம்: டீக்கடை பெஞ்ச்.

முதலில் இலக்கணம். பதாகையில் கட்டைவிரல் மடங்கும், இதில் மடங்காது. விரல்கள் சற்றே விரிந்து, முழங்கை பாதி மடங்கி, உள்ளங்கை வண்டியைப் பார்க்கும். கண்ணும் வண்டியைப் பார்க்கலாம். பார்க்காமல் நடப்பவரே துறைபோகியவர். தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் இங்கே புழங்குபவை மூன்று. ஊருக்குப் புதியவர் கையில் அச்சம். பள்ளிக்கு நேரமாகிவிட்ட பிள்ளையை இழுத்துப்போகும் அம்மாவின் கையில் வெகுளி. பூக்காரம்மாவின் கையில் பெருமிதம்.

அந்தப் பூக்காரம்மாவைப் பின்தொடர்ந்தேன். ஒயர் கூடை இடக்கையில். நாம் இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடு என்பதால் முதல் வெள்ளம் வலப்புறமிருந்து வரும், வலக்கை எழுந்தது. ஒரு கார் முனகிக்கொண்டே நின்றது. மீடியனில் ஏறியதும் கூடை வலக்கைக்கு மாறியது. அடுத்த வெள்ளம் இடப்புறத்தது அல்லவா!

"பயமா இல்லையாம்மா?" என்றேன்.

"வண்டிக்காரனுக்கு இருக்குதில்ல சார், அது போதும்."

மேலைநாட்டு அறிஞர் கருத்தையும் பதிவு செய்தாக வேண்டும். ஹான்ஸ் மாண்டர்மன் என்ற நெதர்லாந்துப் பொறியாளர், டிராக்டன் நகரின் பெரிய சந்திப்பொன்றில் சிக்னலையே எடுத்துவிட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் வேகம் தானாகக் குறையும் என்பது அவர் கொள்கை. அதை நிரூபிக்கப் பின்பக்கமாகவே நடந்து சாலைக்குள் இறங்குவாராம். நாம் சிக்னலை எடுக்காமலே அந்த நிலையை எட்டியவர்கள். 1951இல் இங்கிலாந்தில் பிறந்த வரிக்குதிரைக் கோடு, இங்கே பைக்குகள் முன்சக்கரம் வைத்து இளைப்பாறும் இடம். சிக்னல் இல்லாத கடவையில் நடப்பவருக்கே முன்னுரிமை என்கின்றன 2017ஆம் ஆண்டின் வாகன ஓட்டும் விதிமுறைகள். விதியைக் கண்டு ஷேர் ஆட்டோ நின்று நான் பார்த்ததில்லை. கையைக் கண்டு நின்றிருக்கிறது.

பேருந்திடம் இம்முத்திரை பலிக்காது. நிறுத்தத்தில் நின்று காட்டினாலே பலிப்பதில்லையே.

சைக்கிள்காரர் கதை தனி. இரு கையும் ஹேண்டில்பாரில் இருப்பதால் அவருக்கு முத்திரை கிடையாது. மணிதான் உண்டு, அது அவர் காதுக்கு மட்டும் கேட்கும். அவர் நிற்கவும் மாட்டார். நின்றால் மறுபடி முதலிலிருந்து மிதிக்க வேண்டியது அவர் கால்தானே? எனவே நம் முதுகுக்குப் பின்னால் வளைந்துபோகத் தூரத்திலேயே கணக்குப் போட்டுவிடுவார். நாம் மரியாதைக்காக ஓரடி பின்வாங்கினால் கணக்குப் பிசகும். ஆதாரம் என் இடது முழங்காலில் உள்ளது. ஆய்வாளர்கள் நேரில் வந்து பார்க்கலாம்.

இரு கையிலும் பையோடு கடப்பவர்கள் மோவாயால் வண்டியை நிறுத்த முயல்கிறார்கள். வெற்றி குறைவு. ஆகவே வாசகர்கள் காய்கறியை ஒரே பையில் வாங்கிவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.